ஐந்து நாள் விருந்தாளிகள்

அன்புள்ள கண்ணா,

ஆபீசில் ஹெடிங்லி 1981 பற்றிப் பேச்சு வந்ததாம், பக்கத்து மேஜைக்காரர் டீ ஆறும்வரை பேசினாராம், நீ சும்மா தலையாட்டிக்கொண்டு இருந்தாயாம். யார் அம்மா இந்த வில்லிஸ் என்று போனில் கேட்கிறாய். போனில் சொல்லி முடிகிற கதையா அது? குக்கர் வேறு விசில் அடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்குக் கிரிக்கெட் பிடிக்காது, நீ அப்பா வழி, அதில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனால் யார்க்ஷயரில், ஹெடிங்லி மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுத்துக்கொண்டு வில்லிஸ் யார் என்று கேட்டால் கொஞ்சம் ரோஷம் வரத்தான் செய்கிறது.

முதலில் அதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1981 ஜூலை, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். இங்கிலாந்து முதல் இன்னிங்சில் ரொம்பப் பின்தங்கி, உடனே மறுபடியும் ஆட வேண்டிய 'ஃபாலோ ஆன்' வாங்கி, இரண்டாவது இன்னிங்சிலும் ஏழு விக்கெட் போய், கதை முடிந்தது என்று எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். இங்கிலாந்து ஜெயித்தால் ஒன்றுக்கு ஐந்நூறு என்று பந்தயக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்கள் லில்லியும் மார்ஷுமே அதில் பணம் கட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள். இயான் போதம் கண்ணை மூடிக்கொண்டு விளாசி, அவுட் ஆகாமல் 149 எடுத்தார். அப்படியும் ஆஸ்திரேலியாவுக்கு 130 அடித்தால் போதும். பாப் வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, 111-ல் ஆட்டம் முடிந்தது. 18 ரன்னில் வெற்றி. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் பிபிசி ஷார்ட் வேவ் ஒரு நிமிஷம் கேட்கும், ஒரு நிமிஷம் வெறும் இரைச்சல். உன் பெரிய மாமா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் சுற்றி வந்தான். ஆபீசுக்கு இது போதும்.

இனிமேல் எழுதுவது உனக்கு. ஹெடிங்லி நான் காதால் கேட்டது. சேப்பாக்கத்தில் கண்ணால் பார்த்த இங்கிலாந்துக்காரர்கள் வேறு கதை.

திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டிலிருந்து பெல்ஸ் ரோடு கேட்டுக்கு நடந்தே போய்விடலாம். மாமாவுக்கு எப்படியோ சீசன் டிக்கெட் கிடைத்துவிடும். பெண்கள் டெஸ்ட் பார்க்கப் போவது எங்கள் பக்கத்தில் அதிசயமே இல்லை. மாமிகள் கூட்டமாக வந்து, கையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, நம் சுழற்பந்துக்காரர் பிஷன் சிங் பேடி போடும் பந்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள். புளியோதரை, தயிர்சாதம், கூஜாவில் தண்ணீர். இங்கிலாந்து வருவது பெரும்பாலும் பொங்கல் சமயம், அதனால் 'பொங்கல் டெஸ்ட்' என்றே பேர். கவாஸ்கரையும் விஸ்வநாத்தையும் அடுத்த சீசனிலும் பார்த்துக்கொள்ளலாம். வந்தவர்களை அப்படிப் பார்க்க முடியாது. ஐந்து நாள் பார்த்தால் உண்டு, அப்புறம் எத்தனை வருஷமோ. அதனாலேயே நான் நம் ஆட்களைவிட அவர்களைத்தான் உற்று உற்றுப் பார்ப்பேன். இன்றைக்கும் நினைவில் நிற்பது அவர்கள்தான்.

முதலில் பார்த்தது 1973. சின்னப் பெண். சந்திரசேகர் 90 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார், நாம் நாலு விக்கெட்டில் ஜெயித்தோம். ஆனால் எனக்கு மனசில் நின்றது கீத் ஃப்ளெட்சர். எல்லோரும் சந்திராவிடம் தடுமாறும்போது ஒரு பக்கம் அவர் அப்படியே நின்றார். மறுபக்கம் ஆள் தீர்ந்துபோனது, 97-ல் நின்றுவிட்டது ஸ்கோர். மூன்று ரன். எதிரி டீம் ஆளுக்காக அழுகிறாளே என்று மாமா வீட்டில் வந்து சொல்லி மானத்தை வாங்கினான். அதே தொடரில் பம்பாய் டெஸ்டில் அவர் 113 அடித்துவிட்டார் என்று பேப்பரில் பார்த்த பிறகுதான் ஆறியது. அதே பம்பாயில் விஸ்வநாத் சதம் அடித்தபோது ஆறரை அடி உயர டோனி கிரெய்க் அவரைக் குழந்தை மாதிரி தூக்கித் தாலாட்டினார். அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். எந்த வீடு மாறும்போது போனதோ தெரியவில்லை.

1977 பொங்கலுக்கு அந்த கிரெய்க்கே கேப்டனாக வந்தார். தில்லி, கல்கத்தா இரண்டிலும் நம்மை அடித்துவிட்டு வந்த டீம் அது. இருந்தாலும் அந்த மனுஷன் மேல் யாருக்கும் கோபம் வராது. கூட்டத்தைப் பார்த்துக் கும்பிடு போடுவார், நாங்கள் கத்தினால் பதிலுக்குக் கை ஆட்டுவார். ஆலன் நாட் என்று விக்கெட் கீப்பர், ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் குனிந்து நிமிர்ந்து உடற்பயிற்சி செய்துகொண்டே இருப்பார். எங்கள் தெருப் பையன்கள் ரொம்ப நாளைக்கு அதையே செய்துகொண்டு திரிந்தார்கள்.

நான் பார்க்கப் போனது டெரிக் அண்டர்வுட்டை. சுழற்பந்து என்றால் நமக்குப் பேடிதான். பந்து மேலே எழும்பி, ஆசை காட்டி, மெதுவாக இறங்கும். அண்டர்வுட்டிடம் அந்தச் சொகுசெல்லாம் கிடையாது. பாதத்தை அகட்டி வைத்து ஓடி வருவார், மிதவேகக்காரர் மாதிரி மட்டமாகப் போடுவார், அளவு ஒரு விரற்கடை மாறாது. அழகு இல்லை என்று மாமா முகம் சுளித்தான். எனக்கோ அதுதான் பிடித்தது. கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, போட்டுக்கொண்டே இருப்பார், அவ்வளவுதான். கடைசி இன்னிங்சில் 28 ரன்னுக்கு 4 விக்கெட், நாம் 83-க்குச் சுருண்டோம், 200 ரன்னில் தோல்வி, தொடரும் போனது. அந்தத் தொடரில் அவர் எடுத்தது 29 விக்கெட். டெஸ்டில் கவாஸ்கரை அதிகத் தடவை அவுட் ஆக்கியவரும் அவர்தான், 12 தடவை. 2024-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்றைக்கு நான் காலையில் காபிகூடப் போடவில்லை. என்ன ஆச்சு என்று அப்பா கேட்டார். அண்டர்வுட் போய்விட்டார் என்றேன். யார் அது, உன் பழைய ஆபீசரா என்றார்.

அதே டெஸ்டில்தான் வாஸ்லின் ரகளை. ஜான் லீவர் என்று இடது கை வேகப்பந்துக்காரர். தில்லியில் தன் முதல் டெஸ்டிலேயே 10 விக்கெட் எடுத்தவர். இங்கே நெற்றி வேர்வை கண்ணில் இறங்குகிறது என்று டீம் பிசியோதெரபிஸ்ட் வாஸ்லின் தடவிய துணிப் பட்டையைப் புருவத்துக்கு மேல் ஒட்டிவிட்டார். லீவர் அதைக் கழற்றிப் போட, அம்பயர் கண்ணில் பட்டது. பந்துக்கு வாஸ்லின் தேய்க்கிறார்கள் என்று நம் கேப்டன் பேடி குற்றம் சாட்டினார். ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் யார் மேலும் நடவடிக்கை இல்லை. என் கட்சி என்ன என்று கேட்டால், தை மாதத்தில் நாங்கள் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அவருக்கு வேர்வை ஊற்றியது, கெண்ட் பக்கத்து ஆள் வேறு என்ன செய்வார் என்று மாமிகள் பேசிக்கொண்டதுதான் எனக்குச் சரி என்று பட்டது. (லீவர் எஸ்ஸெக்ஸ் கவுண்டி. மாமிகளுக்கு எல்லாம் கெண்ட்தான்.)

1982-ல் ஃப்ளெட்சர் கேப்டனாக வந்து டாஸ் ஜெயித்து நம்மை ஆடச் சொன்னார். விஸ்வநாத் 222, யஷ்பால் சர்மா 140. ஒரு நாள் முழுக்க அந்த இரண்டு பேரைப் பிரிக்க முடியவில்லை. நம் ஆட்களின் புராணம் உனக்கு வேண்டாம். அவர்கள் பக்கம் கிரகாம் கூச் 127 அடித்தார், எதிரே கிறிஸ் டவாரே ஐந்தரை மணி நேரம் நின்று 35 எடுத்தார். ஆமாம், முப்பத்தைந்துதான். நான் ஒரு முழு ஆரஞ்சு உரித்து, நாரெல்லாம் எடுத்து, சாப்பிட்டு முடித்துப் பார்த்தால் ஸ்கோர் அசைந்திருக்காது. கட்டை போடுகிறார் என்று கேலரி கூச்சல் போட்டது. அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. உங்கள் யார்க்ஷயர் பாய்காட்டை அந்தத் தடவை பார்க்கக் கிடைக்கவில்லை. தில்லியில் வெஸ்ட் இண்டீஸ் சோபர்ஸின் சாதனையைத் தாண்டி உலகத்திலேயே அதிக டெஸ்ட் ரன் எடுத்தவர் ஆனார், அதற்குப் பிறகு கல்கத்தாவில் என்னமோ சர்ச்சை, சேப்பாக்கத்துக்கு வருவதற்குள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது 1985. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

அது எங்கள் தலைப்பொங்கல். புது மாப்பிள்ளையாக உன் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார், டெஸ்ட் முந்தின நாள்தான் ஆரம்பித்திருக்கிறது. பொங்கல் பானை இறங்கின கையோடு மாமா என்னைப் பார்க்கிறான், நான் மாமாவைப் பார்க்கிறேன். மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் நன்றாகவா இருக்கும் என்று பாட்டி பல்லைக் கடித்தாள். சரி, அவரையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம் என்று கிளம்பிவிட்டோம். பாவம், கையில் ஒரு நாவலோடு வந்து உட்கார்ந்தார். அந்த டெஸ்டில் அவர் எத்தனை அத்தியாயம் படித்தார் என்று அவரிடமே கேள்.

முதல் நாளே நீல் ஃபாஸ்டர் நம்மை 272-க்கு முடித்துவிட்டார், 6 விக்கெட். அந்தத் தொடரில் அவர் ஆடிய முதல் டெஸ்ட் அது. கடல் காற்று ஏறினால் சேப்பாக்கத்தில் பந்து கொஞ்சம் பேசும், அதை நம் ஆட்களைவிட அவர் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் பொங்கலன்று கிரீம் ஃபவுலரும் டிம் ராபின்சனும் ஆடினார்கள். முதல் விக்கெட்டுக்கு 178. ராபின்சன் போனதும் மைக் கேட்டிங் வந்தார், இரண்டாவது விக்கெட்டுக்கு இன்னொரு 241. ஃபவுலர் 201, கேட்டிங் 207. இங்கிலாந்துக்காக ஒரே இன்னிங்சில் இரண்டு பேர் இரட்டைச் சதம் அடித்தது அதுதான் முதல் தடவை. ஏழு விக்கெட்டுக்கு 652, இது போதும் என்று தாங்களே நிறுத்தி டிக்ளேர் செய்தார்கள்.

கேட்டிங்கை எல்லோருக்கும் தெரியும். ஷேன் வார்ன் அவரை அவுட் ஆக்கிய அந்தச் சுழற்பந்துக்கும், 1987 உலகக் கோப்பை ஃபைனலில் ரிவர்ஸ் ஸ்வீப் அடித்து அவுட் ஆனதற்கும்தான் அவரை நினைக்கிறார்கள், அநியாயம். பல வருஷம் ஆடியும் டெஸ்ட் சதமே இல்லாமல் இருந்தவர், அந்தத் தொடரில் பம்பாயில்தான் முதல் சதம் அடித்தார். சேப்பாக்கத்தில் அவர் சிவராமகிருஷ்ணனை இறங்கி வந்து அடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். நம் மெட்ராஸ் பையன் சிவா, பம்பாயில் 12 விக்கெட் எடுத்து இவர்களையே தோற்கடித்தவர். அவருக்கு வழியே விடவில்லை.

ஃபவுலரை யாருக்கும் தெரியாது. இடது கை ஆட்டக்காரர், லங்காஷயர், அதாவது உன் யார்க்ஷயருக்கு ஜென்ம விரோதி. அவர் டீமில் இருந்ததே கூச் இல்லாததால். தடையை மீறித் தென்னாப்பிரிக்காவில் போய் ஆடியதற்காகக் கூச்சை மூன்று வருஷம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இவர் கேட்டிங் மாதிரி மிரட்டவில்லை. அமைதியாக, அரை நம்பிக்கையோடு ஆடுகிற மாதிரிதான் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் 200. சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டியது. பக்கத்து வரிசையில் ஒரு பெரியவர், நம்மை இந்த அடி அடிக்கிறான், இவனுக்குக் கை தட்டாமல் வேறு யாருக்குத் தட்டுவது என்றார். அஸாருதீன் 105 அடித்தும் நாம் தப்பவில்லை, ஃபாஸ்டருக்கு மொத்தம் 11 விக்கெட், 9 விக்கெட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். தொடரும் அவர்களுக்கே. டேவிட் கோவர் கேப்டன். அவர் ரன் எடுக்காவிட்டாலும் நடந்து வருவதே பார்க்க நன்றாக இருக்கும், அது வேறு விஷயம்.

அதற்கடுத்த கான்பூர் டெஸ்ட்தான் ஃபவுலருக்குக் கடைசி. அந்தக் கோடையில் தடை முடிந்து கூச் திரும்பி வந்தார், ஃபவுலருக்குக் காயம், ஃபார்ம் போனது, அப்புறம் அவரைக் கூப்பிடவே இல்லை. இரட்டைச் சதம் அடித்ததற்கு அடுத்த டெஸ்டோடு முடிந்தது. எனக்கு அது ரொம்ப நாளைக்குத் தெரியாது. அடுத்த டீம் அறிவிப்பில் இருப்பார் என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிற்காலத்தில் தான் மன அழுத்தத்தோடு போராடியதை அவரே வெளிப்படையாகப் பேசி, மற்ற ஆட்டக்காரர்களுக்கும் உதவினார் என்று படித்தேன். நான் பார்த்த அந்த அரை நம்பிக்கை நிஜமா, நானாகக் கற்பனை செய்துகொண்டதா என்று இப்போது யோசிக்கிறேன். பவுண்டரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒருவரின் மனசைப் பற்றி என்ன தெரிந்துவிடும்.

1993-க்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். நீ என் மடியில் தூங்கிவிட்டாய், டெண்டுல்கர் 165 அடித்த சத்தத்திலும் எழுந்திருக்கவில்லை. கூச் அந்த டெஸ்டில் ஆடவே இல்லை. ஹோட்டலில் இறால் சாப்பிட்டு வயிறு கெட்டுப் படுத்துவிட்டார். கேட்டிங்கும் அதையே சாப்பிட்டும் களத்தில் இறங்கினார். புளியோதரை கொடுத்திருந்தால் வந்திருக்குமா இந்த வினை.

சரி, ஜூலையில் நாங்கள் வரும்போது கோட்டை, அரண்மனை என்று எதற்கும் டிக்கெட் எடுத்து வைக்காதே. ஹெடிங்லியில் யார்க்ஷயர் கவுண்டி மேட்ச் ஏதாவது இருக்கிறதா பார், நாலு நாள் ஆட்டமாகப் பார், லங்காஷயருக்கு எதிராக இருந்தால் இன்னும் நல்லது. வெயில் விழுகிற பக்கமாக மூன்று சீட் எடு. உனக்கு ஆபீஸ் இருந்தால் இரண்டு போதும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை தடிமனான நாவலாகவே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா