இரண்டாவது ரிசீவரைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு

செயற்கைக்கோள்களின் ரேடியோ சிக்னலைக் கேட்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் அனுப்பிய படம் ஒன்று நேற்று என் திரையில் வரி வரியாக இறங்கியது. முழுதாக வர இரண்டு நிமிடம். கடைசி வரி விழும்வரை நான் நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்தப் படம் உங்களால் வந்தது.

கணினியில் செருகிக் கேட்கும் என் முதல் ரேடியோ ரிசீவர் கெட்டுப்போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். இரவு முழுக்க வறண்ட காற்று அடித்தது. காலையில் பார்த்தால், ஆன்டெனாவை மாட்டினாலும் கழற்றினாலும் திரையில் இரைச்சல் கோடு ஒரே உயரத்தில் நிற்கிறது. டிரைவர் கோளாறு என்று நினைத்து மூன்று நாள் மென்பொருளையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். “பக்கத்து எஃப்எம் நிலையமாவது கேட்கிறதா?” என்று கேட்டீர்களே அண்ணா, அந்த ஒரு கேள்வியில் விஷயம் விளங்கிவிட்டது. கேட்கவில்லை. காற்று உரசி டைபோல் ஆன்டெனாவின் கம்பியில் சேர்ந்த மின்னூட்டம், வெளியேற வேறு வழியில்லாமல் ரிசீவருக்குள் இருக்கும் ட்யூனர் சிப்பின் வாசல் வழியாகவே போய் அதைக் கெடுத்திருக்கிறது. உங்களிடமிருந்த ரிசீவரை இரவலாக அனுப்பியதற்கும் சேர்த்து நன்றி.

அக்கா, உங்களுக்குத்தான் பெரிய கடன். ஆன்டெனா கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் மின்னூட்டம் சேரச் சேரக் கசிந்து போய்விடும், வரும் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது என்று படம் வரைந்து காட்டினீர்கள். நான் வைத்த சால்டரைப் புகைப்படத்தில் பார்த்தே, “மங்கலாக இருக்கிறது, மறுபடி சூடாக்கு” என்றீர்கள். சூடாக்கினேன். ஈயம் பளபளவென்று ஓடிப் பிடித்தது. கேபிளை மாட்டும் முன் நடுக்கம்பியை வெளிக்கூட்டோடு ஒரு முறை தொடவிடச் சொன்னதையும் விடாமல் செய்கிறேன்.

பயாஸ் டீயை (ஆன்டெனா கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் ரிசீவர் வசதி) அணைத்துவிட்டாயா என்று நடு இரவில் கேட்ட தம்பிக்கும் நன்றி. அணைக்கவில்லை. அந்த வாரம் சோதித்துப் பார்த்த ஆன்டெனாவில் நடுக்கம்பியும் வெளிக்கூடும் நேரடியாக இணைந்தே இருக்கும். 4.5 வோல்ட் அப்படியே ஷார்ட் ஆகியிருக்கும். ரிசீவரைக் கணினியில் நேராகச் செருகாமல் குட்டி யூஎஸ்பி கேபிள் வழியாக மாட்டச் சொன்னதும் நீதான். அதில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் போட்ட பிறகு இரைச்சல் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளின் கனம் இப்போது சாக்கெட்டை இழுப்பதும் இல்லை.

அப்புறம், ஐயா. மின்னல் தடுப்பானை எர்த்தோடு இணைத்த பிறகும், “நேரடியாக விழும் மின்னலுக்கு இதெல்லாம் தாங்காது, கழற்றி வை” என்று விடாமல் சொன்னீர்கள். நேற்று படம் இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தூரத்தில் இடி உறுமியது. உடனே கழற்றிவிட்டேன். இதை எழுதும்போது கேபிளின் நுனி ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்