பார்சல் மேல் 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு பெரியவர், லண்டனில் இருக்கும் பேரனுக்கு அனுப்பிய ஊத்துக்குளி நெய்யைக் கஸ்டம்ஸில் பிடித்து அழித்துவிட்டார்கள், நம்மூர்ச் சாப்பாடு என்றாலே அவர்களுக்கு இளக்காரம் என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். வருத்தம் நியாயம்தான். காரணம் அதுவல்ல. நான் பெருந்துறையில் பதினோரு வருடமாகப் பார்சல் புக்கிங் கடை வைத்திருக்கிறேன், ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது இதையே வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எழுதியே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் அந்த நெய். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய யூனியன் நாடுகளுக்கும் இங்கிருந்து இறைச்சி, பால், நெய், பால்கோவா எதையும் தனி ஆள் பார்சலில் அனுப்பக் கூடாது. எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சினாலும் சரி, அரைக்கிலோ என்றாலும் சரி. கோமாரி உள்ளிட்ட மாட்டு நோய்களுக்குப் பயந்துதான் இந்தத் தடை. 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவி அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடு மாடு பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள், எரித்தார்கள். கட்டுத்தரையில் ஒரு மாட்டுக்குக் கோமாரி வந்தாலே வீடு என்ன பாடுபடும் என்று காங்கேயம் பக்கத்தில் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அங்கே போகாது, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பாழாக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்த இலையில் ஒட்டிக்கொண்டு போகும் என்பதால். குருமாவுக்குப் போடுகிற கசகசாவைத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பினால் அது போதைப்பொருள் கணக்கில் வந்துவிடும், பார்சலோடு நிற்காமல் வாங்கப் போன பிள்ளைக்கே வம்பு. இதெல்லாம் தெரியாமல் நடப்பது, சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். "அப்படிங்களா தம்பி, எனக்கென்னங்க தெரியும்" என்று போசியை எடுத்துக் கூடைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போன அம்மாக்கள் எத்தனையோ பேர்.

எனக்குக் கோபம் தெரிந்தே செய்கிறவர்கள் மேல்தான்.

2025 தீபாவளி சமயம் ஞாபகம் இருக்கும். அமெரிக்காவுக்கு எண்ணூறு டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்த பார்சல்களுக்கு ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். நூறு டாலருக்குள் இருக்கிற உண்மையான அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு. அதற்கு நாலு நாள் முன்னாலேயே நம் தபால் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை நிறுத்திவிட்டு, அக்டோபர் 15-ல், அதாவது தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, திரும்ப ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் என் கடைக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. அப்போதுதான் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: "கிஃப்ட்டுன்னு போட்டுருங்கண்ணா."

கூட்டம் ஓய்ந்தபிறகு, நவம்பரில், பக்கத்து ஊரிலிருந்து ஒரு பையன் பதினான்கு பெட்டி கொண்டுவந்தான். எல்லாம் நியூ ஜெர்சிக்கு, பதினான்கு வேறு வேறு பெயருக்கு. அத்தனையிலும் ஒரே எழுத்து: கிஃப்ட், ஹோம்மேட் ஸ்வீட்ஸ், இருபது டாலர். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ, எள்ளுருண்டை, கொள்ளுப் பொடி, கலர் லேபிள், விலை ஸ்டிக்கர், அதற்கு மேல் ஆர்டர் நம்பர் போட்ட பில். ஏன் சாமி, பில்லோடு யாராவது அன்பளிப்பு கொடுப்பார்களா என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தானுங்கண்ணா போடறாங்க" என்றான். நானும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பில்லை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டுப் புக் பண்ணினேன். அது என் தப்பு.

அங்கே போய் ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். நான் புக் பண்ணுகிற கூரியர் கம்பெனி என் கடைக் கணக்கில் போன அத்தனை பெட்டியையும் மூன்று வாரம் நிறுத்தி வைத்தது. அதில் திங்களூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மகளுக்கு வளைகாப்புக்கு அனுப்பிய கச்சாயமும் இருந்தது. விறகடுப்பில் அவரே சுட்டது, ஒரு பெட்டி, ஒரு முகவரி, நயா பைசா வியாபாரம் கிடையாது. வளைகாப்பு முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

இத்தனைக்கும் அந்த அம்மா அனுப்பியது அமெரிக்கச் சட்டம் வெளிப்படையாகவே அனுமதிக்கிற பார்சல். 2002-ல் அவர்கள் போட்ட பயோடெரரிசம் (உயிரிப் பயங்கரவாதத் தடுப்பு) சட்டப்படி, நாட்டுக்குள் வருகிற உணவுக்கு எஃப்.டி.ஏ. என்கிற அமெரிக்க உணவு மருந்துத் துறைக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும், விமானத்தில் வருவதென்றால் இறங்குவதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்பாவது. ஒருவர் தன் வீட்டில் தானே செய்து, வியாபார நோக்கமில்லாமல், இன்னொருவருக்கு அன்பளிப்பாக அனுப்பினால் இந்த முன்னறிவிப்பு வேண்டாம் என்று அதே விதியில் இருக்கிறது. நம் அம்மாக்களுக்கென்றே எழுதி வைத்தது மாதிரி. ஸ்வீட் கடையில் வாங்கி அனுப்பினால் இது பொருந்தாது, அது அன்பளிப்பாகவே இருந்தாலும். காசு வாங்கி விற்றால் சுத்தமாகப் பொருந்தாது.

சரி, விற்கிறவன் என்ன செய்ய வேண்டும்? பொருள் தயாராகிற இடத்தை எஃப்.டி.ஏ.வில் பதிய வேண்டும், அமெரிக்காவில் இருக்கிற ஒருவரை ஏஜென்ட்டாகக் காட்ட வேண்டும், இரட்டைப்படை வருடங்களில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஏஜென்ட்டுக்கும் விண்ணப்பம் போட்டுத் தருகிறவருக்கும் கூலி உண்டு, அது வேறு. கூலி வாங்கிக்கொண்டு தங்க நிறத்தில் முத்திரை வைத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுத் தருகிறார்கள் பாருங்கள், அதை நம்பாதீர்கள். எஃப்.டி.ஏ. அப்படி ஒரு சான்றிதழ் தருவதே இல்லை. பதிந்திருப்பதால் அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. நம் பக்கம் 'எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு' என்று முறுக்குப் பொட்டலத்தில் அச்சடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்புறம் லேபிள். பொருள்களை எடை அதிகமானது முதலில் வருகிற வரிசையில் எழுத வேண்டும், எடையைக் கிராமிலும் அவுன்ஸிலும் போட வேண்டும், ஒவ்வாமை தருகிறவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாக எள் சேர்ந்திருக்கிறது. எள்ளுருண்டைக்கு யாரும் மறக்க மாட்டார்கள், முறுக்கு மாவில் ஒரு கை எள் தூவுகிறோமே, இட்லிப் பொடியில் வறுத்துப் போடுகிறோமே, அங்கேதான் விட்டுப்போகும். ஐரோப்பாவில் கடுகும் பட்டியலில் உண்டு, ஊறுகாய் போடுகிறவர்கள் கவனிக்க. அந்தப் பையனின் லேபிளில் என்ன இருந்தது தெரியுமா? 'நாட்டுச் சர்க்கரை, எள், பாட்டியின் அன்பு.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2017-ல் மசாசூசெட்ஸில் ஒரு பேக்கரி இதே மாதிரி மூலப்பொருள் வரிசையில் 'அன்பு' என்று போட்டிருந்ததற்கு, அன்பு மூலப்பொருள் அல்ல என்று எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதத்தில் எழுதியது. நிஜமாகத்தான்.

இன்னொன்று, இதைச் சொன்னால் நம்மூர் ஆட்களுக்குப் பிடிக்காது. வெல்லம் வெளேரென்று இருக்க ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு ரசாயனம் போடுகிறார்கள், அதனால் வெல்லத்தில் சல்பைட் தங்கிவிடும். பத்து பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு சல்பைட் இருந்தாலே அமெரிக்காவில் லேபிளில் சொல்லியாக வேண்டும், ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகாது. மஞ்சளுக்கு மெருகேற்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயம் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருந்ததால்தான் இப்போது மஞ்சள் தூள் என்றாலே ஈயச் சோதனை. கிருமி கொல்ல எத்திலீன் ஆக்சைடு என்கிற ரசாயனப் புகை போட்ட எள்ளை 2020-ல் ஐரோப்பாவில் திருப்பினார்கள், மசாலாத் தூளை 2024-ல் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் திருப்பினார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும், ஆனால் அந்தச் சான்றிதழைப் பார்த்து அங்கே லேப்காரன் சோதனையை விட்டுவிட மாட்டான். இந்தச் சோதனையெல்லாம் நம் வீட்டு மளிகைக்கும் நடந்தால் நமக்கு நல்லதுதானே என்று எனக்குத் தோன்றும்.

அரசாங்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவர்கள் வாங்க வேண்டிய ஐ.இ.சி. எண்ணுக்குக் கட்டணம் வெறும் ஐந்நூறு ரூபாய், வீட்டிலிருந்தே வாங்கலாம். மஞ்சள், மிளகாய்த் தூள் என்றால் ஸ்பைசஸ் போர்டு பதிவு தனியாக. சின்ன வியாபாரி தபால் மூலமாகவே முறையான பில்லோடு ஏற்றுமதி பண்ண தபால் துறை மையங்கள் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' என்று பெயர். கோபியில் நாட்டுச் சர்க்கரை காய்ச்சுகிறவருக்கு அது என்ன வஸ்து என்று எப்படிப் புரியும்? 'அஞ்சலக ஏற்றுமதி மையம்' என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு போர்டு, எந்த நாட்டுக்கு எது போகாது என்று பக்கத்தில் ஒரு பட்டியல், விண்ணப்பம் நிரப்ப மாதம் ஒரு நாள் ஒரு ஆள். ஈரோடு, கோபி, பெருந்துறை, பொள்ளாச்சித் தபால் நிலையங்களில் இதைச் செய்தால் அந்தப் பையன் மாதிரி பாதிப் பேர் நேர்வழிக்கு வந்துவிடுவார்கள். அவன் கெட்டவன் இல்லை, எஃப்.டி.ஏ. பதிவுக்கும் ஐ.இ.சி. எண்ணுக்கும் எங்கே போவது என்று தெரியாதவன். இப்போது பதிந்துகொண்டிருக்கிறான், லேபிளிலிருந்து பாட்டியின் அன்பை எடுத்துவிட்டான்.

பார்சல் அனுப்புகிறவர்களுக்கு: கஸ்டம்ஸ் படிவத்தில் கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள், கடைக்காரன் இல்லை. எழுதியிருப்பது சரி, தடை செய்த பொருள் எதுவும் உள்ளே இல்லை என்றுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. இப்போது நான் என் மேஜை மேல் அந்த வரியைத் தமிழில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

லண்டன் பேரனுக்கு நெய் அனுப்பிய பெரியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த தடவை கடலை எண்ணெயில் சுட்ட முறுக்கும் கொள்ளுப் பொடியும் அனுப்புங்கள் ஐயா, எள் போட்டிருந்தால் மறக்காமல் எழுதுங்கள். நெய் அங்கேயே கடையில் கிடைக்கிறது. ஊத்துக்குளி நெய் வாசம் வராது, அதற்குப் பையன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
பார்சல் கடைக்காரன்,
பெருந்துறை.