உன் மேசையில் இருந்த கால்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ சொன்னதை இன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். உடற்கூறு வகுப்பில் உங்கள் மேசையில் அறுத்துப் படிக்க வைத்திருந்த உடலின் வலது காலில் பிளாண்டாரிஸ் தசை கிடைக்கவில்லை, தேடிப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போய்ப் படித்துக்கொண்டோம் என்றாய். அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் மேசைக் காலை அப்படியே மூடிவிட்டு வந்துவிட்டீர்கள், நோட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை என்றாயே, அதுதான் மனதை உறுத்துகிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தேடும்போது நாங்களே அறுத்துவிட்டோமோ என்று கவலைப்பட்டாய். அப்படி இருக்க வேண்டியதில்லை. பிளாண்டாரிஸ் இல்லாத கால்கள் நிறைய உண்டு. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும். ஏறக்குறைய பத்தில் ஒரு காலில் இருக்காது என்று வைத்துக்கொள். இருந்தாலும் அது சின்னத் தசைதான். முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு விரல் நீளச் சதை. அதற்குக் கீழே வாழைநார் மாதிரி மெல்லிய, நீண்ட தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். அது கெண்டைக்காலின் இரண்டு பெரிய தசைகளான காஸ்ட்ரோக்னீமியஸுக்கும் சோலியஸுக்கும் நடுவே சாய்வாக இறங்கி, குதிகால் நாணின் உட்பக்கம் போய்ச் சேரும். புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் அதை நரம்பு என்று நினைத்து ஏமாறுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். கையில் நாண் அறுந்தவர்களுக்கு மாற்றாக வைத்துத் தைக்க மருத்துவர்கள் இதை எடுப்பதுண்டு. எடுத்த பிறகு நடையில் குறை எதுவும் தெரியாது. ஆனால் எடுப்பதற்கு அது அங்கே இருக்க வேண்டுமே!

இன்னொன்றை உன் காலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாதத்தை மேலே தூக்கி வெளிப்பக்கமாகத் திருப்பு. சுண்டுவிரலுக்குப் போகும் நாணுக்கும் வெளியே இன்னொரு நாண் புடைத்து, பாதத்தின் வெளி ஓரத்து எலும்பின் அடியில் போய் முடிகிறதா பார். அதுதான் பெரோனியஸ் டெர்ஷியஸ். போன ஞாயிறு பெரியம்மா வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் எல்லாரையும் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்தேன். உன் அப்பாவுக்கு இரண்டு காலிலும் பளிச்சென்று தெரிந்தது. பெரியம்மாவுக்குத் தொட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. அவர் இந்த வயதிலும் இங்கே சிங்கப்பூரில் தினமும் தேக்கா சந்தைக்கு நடந்தே போய்வருகிறார். அந்தத் தசை இல்லாதவர்களுக்குக் கணுக்கால் சுளுக்கு அதிகம் வருமா என்று பெல்ஜியத்தில் ஆராய்ந்து 2006-ல் எழுதினார்கள். சுளுக்கும் கூடவில்லை, பலமும் குறையவில்லை.

தைப்பூசத்தன்று நான் சாமி பார்ப்பதைவிடக் கால் பார்ப்பதுதான் அதிகம் என்று உன் அப்பா சொல்வார். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடி எடுத்து வெறுங்காலோடு போகிறவர்களின் பின்னால் நடந்து பார். ஒருவருக்குக் கெண்டைச்சதை முழங்காலுக்குக் கீழேயே உருண்டு நின்றுவிடும். இன்னொருவருக்கு முக்கால்வாசிக் கால் வரை இறங்கி வரும். எல்லாரும் காவடியைச் சுமந்துகொண்டு ஒரே தெருவில்தான் போகிறார்கள்.

இல்லாமல் போவதைவிட, கூடுதலாக ஒன்று இருப்பதுதான் சில சமயம் ஆளைப் பயமுறுத்தும். குதிகால் நாணுக்கு முன்னால், உட்பக்கத்தில், உபரியாக ஒரு சோலியஸ் சிலருக்கு உண்டு. ஆய்வுகளில் 0.7 முதல் 5.5 சதவீதம் வரை சொல்கிறார்கள். பதின்ம வயதில் ஓட்டமும் பயிற்சியும் கூடும்போது அது தடித்து, கணுக்காலில் கட்டி மாதிரி தெரிய ஆரம்பிக்கும். புற்றுநோயாக இருக்குமோ என்று அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். எம்ஆர்ஐ எடுத்தார்கள். சுற்றியுள்ள தசை எப்படித் தெரிந்ததோ அதுவும் அப்படியே தெரிந்தது. வலி இல்லாவிட்டால் அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

அடுத்துச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே.

தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இருந்த ஒரு பையன் என்னிடம் சிகிச்சைக்கு வந்தான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதி தூரம் போனதும் கெண்டைக்கால் இறுகிப்போகும், பாதம் மரத்துவிடும், நின்றால் சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்றான். தசைப்பிடிப்பு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால் என் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தேன், நன்றாகவே துடித்தது. முழங்காலை நேராக நீட்டி, என் கையை எதிர்த்துப் பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னேன். விரலுக்கு அடியில் நாடி அப்படியே நின்றுபோனது. விட்டதும் திரும்ப வந்தது. நல்ல கால்களிலும் சில சமயம் இப்படி ஆகும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னேன், ஸ்கேனுக்கு அனுப்பினார். முழங்காலின் பின்னால் ஓடும் தமனி, காஸ்ட்ரோக்னீமியஸின் உட்தலையை, அதாவது அந்தத் தசை மேலே தொடங்கும் உள்முனையை, சுற்றிக்கொண்டு போயிருந்தது. தசை இறுகும்போதெல்லாம் இரத்தக்குழாய் நசுங்கியது. கருவில் அந்தத் தசையின் தலை முழங்காலின் பின்பக்கம் குறுக்கே நகர்ந்து தன் இடத்துக்குப் போகும் காலமும், தமனி உருவாகும் காலமும் பிசகினால் இப்படி அமைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் குழாய் உள்ளே அடைத்து, காலுக்கே ஆபத்து வரலாம். அந்தப் பையனுக்கு நேரத்தோடு தெரிந்துவிட்டது, அறுவை செய்து சரிசெய்தார்கள்.

இந்த அமைப்பை முதன்முதலில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? உன்னைப் போல ஒரு மாணவர். ஆண்டர்சன் ஸ்டூவர்ட் என்று பெயர், எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். பாதம் அழுகியதால் துண்டிக்கப்பட்ட ஒரு முதியவரின் காலை அறுத்துப் பார்த்தபோது, தமனி புத்தகத்தில் இருந்த வழியில் போகவில்லை. அதை 1879-ல் எழுதி வெளியிட்டார். பின்னால் சிட்னியில் மருத்துவப் பள்ளியை உருவாக்கியவரும் அவர்தான். 1959-ல் நெதர்லாந்தில் ஹாமிங் என்ற மருத்துவர், நடந்தாலே கால் வலித்த 12 வயதுப் பையனுக்கு இதே கோளாறைக் கண்டுபிடித்து அறுவை செய்தார். நடுவில் 80 வருடம். அந்த மாணவர் துண்டித்த அந்தக் காலை அப்படியே மூடிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் போயிருந்தால், அந்த எழுத்து இருந்திருக்காது.

உங்கள் மேசையில் இருப்பவர் தன் உடலைக் கொடுத்துவிட்டுப் போனவர். இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்டவர்களை மௌன ஆசான்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அவர் காலில் இருப்பது எதுவோ அதைத்தான் அவர் உங்களுக்குக் காட்ட முடியும். பரீட்சைக்கு வேண்டியது பக்கத்து மேசையில் கிடைத்துவிட்டது, சந்தோஷம். ஆனால் நாளைக்கு உன் முன்னால் வந்து உட்காரும் நோயாளியின் காலுக்குப் பக்கத்து மேசை கிடையாது.

அதனால் அடுத்த வகுப்பில் அந்தக் காலைத் திரும்பத் திற. சதை இல்லாமல் நாண் மட்டும் இருக்கிறதா, அல்லது இரண்டுமே இல்லையா பார். இடது காலையும் பார். ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கமும் இருக்காது என்று நினைத்துவிடாதே. முழங்காலின் பின்னால் தமனி எந்தப் பக்கமாகப் போகிறது என்றும் கவனி. ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டு. வயது, ஆணா பெண்ணா, எந்தக் கால் என்பதோடு தேதி போட்டு எழுது. படம் வரையும்போது உடற்கூறுப் படப் புத்தகமான அட்லஸை மூடி வைத்துவிட்டு வரை.

மிளகாய்த்தூளும் பருப்புப்பொடியும் வெள்ளிக்கிழமை பார்சலில் வரும். டப்ளின் குளிருக்குக் கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறேன். வகுப்பில் புகைப்படம் எடுக்கக் கூடாது, தெரியும். நீ கையால் வரைந்ததை மட்டும் எனக்கு அனுப்பு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா