ஊரக வளர்ச்சி முகமையின் பழைய கோப்புகளை நூலகத்துக்குக் கொடுங்கள்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிராமத் திட்டங்களை மாவட்ட அளவில் நடத்திய மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பழைய கோப்புகளை, புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறந்த நூலகத்தில் வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். முகமைகளின் நிர்வாகத்துக்கென ஒன்றிய அரசு கொடுத்துவந்த தனி நிதி 2022 ஏப்ரலோடு நின்றுவிட்டது. முகமை இனி எந்த வடிவில் இருந்தாலும் சரி, அதன் காகிதங்களுக்கு இப்போதே ஓர் இடம் வேண்டும்.

திண்டுக்கல் 1985-லும் தேனி 1996-லும் நம்மிடமிருந்து பிரிந்தன. அதற்கு முந்தைய கோப்புகளில் நத்தமும் போடியும் கம்பமும் மதுரைதான். அப்படியானால் இது மூன்று மாவட்டங்களின் சொத்து. ஏழைக் குடும்பங்களுக்குத் தொழில் செய்ய வங்கிக் கடனும் மானியமும் கொடுத்த, 1980 அக்டோபர் 2 முதல் எல்லா ஊராட்சி ஒன்றியங்களுக்கும் வந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு விவசாயிக்கு 25 சதவீத மானியம், குறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினருக்குப் பாதி. எந்த ஊரில் யாருக்குக் கறவை மாடு, யாருக்குத் தையல் மிஷின், கடன் அடைந்ததா இல்லையா என்பதை வேறு எங்கே போய்த் தேடுவது?

திருமங்கலம் பக்கம் மேலக்கோட்டையில்தான் 1998 ஆகஸ்ட் 17-ல் எல்லாச் சாதியினரும் சேர்ந்து வாழ அமைத்த குடியிருப்பான சமத்துவபுரத்தில், மாநிலத்தின் முதலாவதைத் திறந்தார்கள். நூறு வீடுகளில் நாற்பது பட்டியல் சாதியினருக்கு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996-லிருந்து 2006 வரை பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் யாரும் நிலைக்க முடியாத நிலை இருந்தது. அந்தப் பத்து ஆண்டுகளில் அங்கே சாலையும் குடிநீரும் எப்படிப் போயின, யார் கையெழுத்தில் போயின? சாதியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அலுவலகக் காகிதம் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

எம் புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகங்களைத்தான் முதலில் காப்பாற்றச் சொல்வேன். ஓவர்சியர் வேலை நடந்த இடத்தில் நின்று அளந்து, நீளம், அகலம், ஆழம் என்று கைப்பட எழுதியது அது. ஊரணியைத் தூர்வாரியபோது எவ்வளவு ஆழம், வரத்துக் கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, பாலத்தின் கண் எத்தனை, எல்லாம் அதில் இருக்கும். கால்வாய் சுருங்கிவிட்டது என்று ஓர் ஊர் இன்று மனு கொடுத்தால், முன்பு இருந்த அகலத்துக்கு அது சாட்சி. ஆனால் வேலைக்குப் பணம் கொடுத்து, தணிக்கையும் முடிந்த பிறகு அதை யாரும் திறப்பதில்லை.

அலுவலக நடைமுறை உங்களுக்குத் தெரியும். வேலை முடிந்த கோப்பை எவ்வளவு காலம் வைப்பது என்று எழுத்தர் முடிவு எழுதுவார். நி.மு., அதாவது நிரந்தர முடிவு, போட்ட கோப்புதான் நிரந்தரம். ஒ.மு. (ஓராண்டு), மூ.மு. (மூன்றாண்டு), ப.மு. (பத்தாண்டு) எல்லாம் காலக்கெடு முடிந்தால் அழிப்புப் பட்டியலுக்குப் போகும். முடிவு எழுதுகிற எழுத்தருக்குத் தணிக்கை நினைவில் இருக்கும், வரலாறு இருக்காது. நானும் அந்த வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அதனால் முதலில் அழிப்பை நிறுத்தி வைத்து உத்தரவிடுங்கள். பதின்மூன்று ஒன்றியங்களின் பதிவறைகளிலும் என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுங்கள். ஸ்கேன் செய்யுங்கள், ஆனால் ஸ்கேன் ஆகிவிட்டது என்று மூலத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்த குண்டூசியை எடுத்து, பூச்சி மருந்து காட்டி, அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வைத்தால் காகிதம் நெடுநாள் தாங்கும். பயனாளிகளின் சாதி, வருமானம், கடன் விவரம் உள்ள கோப்புகளைப் பொதுப் பார்வைக்குக் கொடுக்கச் சில பத்தாண்டுகள் தடை வைக்கலாம். அது நியாயம்.

நூலகத்தாரிடம் ஒன்று தனியாகக் கேட்கிறேன். அட்டவணையை ந.க. எண் என்னும் அலுவலகக் கோப்பு எண்படி போடாதீர்கள், ஊர்ப்பெயர்படி போடுங்கள். சேடப்பட்டியிலிருந்து வரும் பெண்ணுக்குத் தன் ஊர்ப்பெயர்தான் தெரியும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போக அவரால் முடியாது.

பழைய எண்ணையும் சுருக்கெழுத்துகளையும் பார்த்து, இது எந்தப் பிரிவு, எந்தத் திட்டம் என்று சொல்லத் தெரிந்த ஓய்வூதியர்கள் இன்னும் இருக்கிறோம். கூப்பிடுங்கள், சம்பளம் வேண்டாம், வந்து பிரித்துக் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒன்றிய அலுவலக ஊழியர், மதுரை