கீழக்கரையிலிருந்து வாப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் நலம். ராத்தாவின் சின்னவன் ஓத ஆரம்பித்துவிட்டான். மாடிக்குத் தளம் போட்டாயிற்று. மகன் கட்டிய வீடு என்று தெருவில் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உம்மா ஃபஜ்ருக்கு எழுந்ததும் ஒளு செய்யுமுன் செல்பேசியைத்தான் எடுக்கிறாள். உன் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று இருக்கிறது. இங்கே பாங்கு சொல்லும்போது துபாயில் மூன்றரை மணி. என்னிடம் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் தொழப் போய்விடுகிறாள். படபடப்பு, ஈ.சி.ஜி. எடுத்தது எல்லாம் ராத்தா சொல்லித் தெரியும். மருமகளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறாள்.

தம்பி, ஒரு உளவியல் ஆலோசகரைப் போய்ப் பார்.

உடனே உன் மனம் ஏர்வாடிக்குப் போகும். நம் கரையில் பிறந்தவனுக்கு வேறெது நினைவுக்கு வரும்? 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. சின்னப்பிள்ளையான நீ அதன்பின் பல இரவுகள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாய். அவர்களும் நோயாளிகள்தான், குற்றவாளிகள் அல்ல. சங்கிலி போடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்துவிட்டது. நான் உன்னைப் போகச் சொல்வது பேசுவதற்கு.

சாச்சாவோடு ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய் அங்குள்ள உளவியலாளரிடம் கேட்டு வந்தேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பெரும்பாலும் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், நீயும் அவரும் மட்டும். படபடப்பு வரும்போது மனத்தில் ஓடுவதை எழுதச் சொல்வார்கள். ‘வேலை போய்விடும், வீடு பாதியில் நின்றுவிடும்’ என்று ஓடினால், அதற்கு என்ன ஆதாரம், மாறாக என்ன ஆதாரம் என்று இருவருமாகப் பார்ப்பீர்கள். பயந்து ஒதுக்கிய காரியங்களைச் சிறிது சிறிதாகச் செய்யப் பழக்குவார்கள்.

தூக்கத்துக்கென்றே தனி முறை இருக்கிறது. எத்தனை மணிக்குக் கண்ணயர்ந்தாலும் எழுவது ஒரே நேரத்தில். தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும், கண் சொக்கியபின்தான் திரும்ப வேண்டும். படுக்கையில் இருக்கும் நேரத்தையே முதலில் குறைப்பார்களாம். படுத்தாலே விழித்துக்கொள்ளப் பழகிவிட்ட உடம்பை மாற்ற அதுதான் வழி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இந்தச் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016-லேயே பரிந்துரைத்திருக்கிறது. ஆரம்பத்தில் பகலில் அசதி கூடும், அதற்காக விட்டுவிடாதே. நீ அபுதாபிவரை வண்டி ஓட்டுகிறவன் என்பதை முதல் நாளே அவரிடம் சொல். மறக்காமல் சொல்.

உம்மா துஆ செய்கிறாள், நானும் செய்கிறேன். துஆ இருக்க மருத்துவம் எதற்கு என்று யாராவது சொன்னால் கேட்காதே. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது அரசு மருத்துவர் இருந்து பார்க்கிறார்.

நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு விசா எடுத்துக் கொடுத்தாய்! உனக்காக ஒருவரைப் பார்க்க உனக்கு நேரமில்லையா? தமிழ் பேசுகிறவராகத் தேடு. நேரில் கிடைக்காவிட்டால் வீடியோவில் பேசு. ஆனால் போய்ப் பார்.

இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். அதை இதற்குச் செலவு செய். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், பார்த்துவிட்டேன் என்று ராத்தாவுக்கு ஒரு வரி அனுப்பு.

வாப்பா