ஆன்-கால் இரவுக்கு 'ஆஃப்' என்று பெயரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் இன்சார்ஜ் சிஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தியேட்டர் நர்ஸ்களுக்கு மாதாமாதம் டூட்டி லிஸ்ட் போட்டது என் வேலை. அந்த அனுபவத்தில் ஆன்-கால் பற்றி எழுதுகிறேன்.

நடுத்தர மருத்துவமனைகள் பலவற்றில் தியேட்டருக்குத் தனியாக நைட் ஷிப்ட் கிடையாது. இரவில் அவசர சிசேரியனோ விபத்துக் கேஸோ வந்தால், அன்று ஆன்-காலில் இருக்கும் இரண்டு நர்ஸ்களுக்குப் போன் போகும். அரை மணி நேரத்துக்குள் வந்து நிற்க வேண்டும். ஆகவே லால்குடியில் இருக்கும் அம்மாவை அன்று போய்ப் பார்க்க முடியாது. போனை அணைத்துவிட்டுத் தூங்க முடியாது. கைக்குழந்தைக்காரி என்றால் இரவுக்கு ஒரு ஆளை ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். போனே வராத இரவும் இப்படித்தான் கழியும். ஆனால் சில இடங்களில் லிஸ்டில் அந்த இரவு 'ஆஃப்' என்றே இருக்கிறது. இது அநியாயம்.

அதைவிடக் கொடுமை மறுநாள் காலை. இரண்டு மணிக்குத் தொடங்கிய ஆபரேஷன் மூன்றரைக்கு முடிந்தால் டாக்டர் கிளம்பிவிடுவார். நர்ஸ் கருவிகளைக் கழுவி, எண்ணி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றி, அடுத்த கேஸுக்கு டிராலியைத் தயார் செய்து, ரெஜிஸ்டர் எழுதி முடிக்க ஐந்தாகிவிடும். எட்டு மணிக்கு மறுபடி முதல் கேஸ். வயிற்றை மூடுவதற்கு முன் ரத்தம் ஒற்றிய காஸ், மாப் துணிகள் எல்லாம் உள்ளே விடுபடாமல் சரியாக இருக்கிறதா என்று எண்ணிச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். தூங்காத கண்ணோடு அதை எண்ணச் சொல்வது, மேஜையில் படுத்திருக்கும் நோயாளிக்கும் ஆபத்து.

இதற்கு வழி இருக்கிறது. ஆன்-கால் போடும் இருவரையும் லிஸ்ட் எழுதும்போதே மறுநாள் மதியம் ஒரு மணி டூட்டியில் போட்டுவிட வேண்டும். இரவு அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் காலையில் யாரையும் மாற்றி அலைய வேண்டாம். மாத லிஸ்ட்டை முந்தின மாதம் இருபதாம் தேதிக்குள் ஒட்டிவிட வேண்டும். பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் இரவுகளுக்குத் தனி நோட்டு வைத்து, போன வருடம் யார் பார்த்தார்கள் என்று பார்த்துத்தான் இந்த வருடம் போட வேண்டும். டூட்டி மாற்றிக்கொள்வதென்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். வாய்ப்பேச்சில் மாற்றினால் நடுராத்திரியில் இருவருமே வரமாட்டார்கள்.

ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பக்கத்தில்தானே இருக்கிறாய், வந்துவிட்டுப் போ" என்று முறை இல்லாத நாளிலும் அவர்களையே எழுப்புவார்கள். வெளியூரிலிருந்து வந்த சின்னப் பெண்கள், எதிர்த்துப் பேசமாட்டார்கள். முறைக்காரர்களால் முடியாதபோது அழைக்க இன்னொரு பெயரையும் லிஸ்டில் எழுதிவைத்தால் இந்தப் பழக்கம் நிற்கும். வீட்டிலிருந்து வருபவர்களுக்கோ வண்டி வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணைப் பைக் டாக்சி பிடித்து வரச் சொல்லக் கூடாது.

செவிலியர்களுக்காக சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-லேயே ஒரு பரிந்துரை வெளியிட்டது. வீட்டில் இருந்தாலும் அழைப்புக்குத் தயாராக இருக்கும் நேரத்தை ஆன்-கால் பணி என்றே அது குறிப்பிடுகிறது. இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 12 மணி நேர ஓய்வும், டூட்டி விவரத்தைப் போதிய அவகாசத்தோடு முன்கூட்டியே தெரிவிப்பதும் வேண்டும் என்கிறது. 'ஆள் இல்லை' என்று நிர்வாகங்கள் சொல்லும். சரி, ஆள் குறைவுதான். இந்திய நர்சிங் கவுன்சில் விடுப்புக்கென்று 30 சதவீதம் கூடுதல் நர்ஸ்களை வைக்கச் சொல்கிறது. அதை வைக்காமல் மிச்சம் பிடிப்பதால் வந்த குறைவுக்கு இந்தப் பெண்களின் தூக்கம்தான் ஈடா?

தமிழ்நாட்டில் மருத்துவமனைகளைப் பதிவு செய்ய மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. அதற்காக ஆய்வுக்கு வரும் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தார் கட்டடத்தையும் கருவிகளையும் பார்ப்பதோடு, கடைசி மூன்று மாத டூட்டி லிஸ்டையும் தியேட்டர் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவில் கேஸ் எடுத்தவர் மறுநாள் காலையும் நின்றிருக்கிறாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆன்-காலுக்கான படித்தொகையும் மறுநாள் ஓய்வும் எழுத்தில் இல்லாத மருத்துவமனைக்கு, அதைச் சரிசெய்த பிறகே பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தியேட்டர் சிஸ்டர்,
திருச்சி.