பெருமாளுக்கு, பின்கட்டுத் தரையைப் பற்றி

அன்புள்ள பெருமாளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. படித்த அன்றைக்கே எழுதியிருப்பேன், பேத்திக்குக் காய்ச்சல், அதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். வள்ளிக்கு முழங்கால் வலி பழையபடிதான், ஆனால் காலையில் கொல்லையில் கால்மணி நேரம் நடக்கிறாள். கறிவேப்பிலை மரம் கூரையைத் தாண்டிவிட்டது. இங்கே டர்பன் சாட்ஸ்வர்த்தில் குளிர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் நீங்கள்தான் இப்போது நடுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பின்கட்டில் மொத்தமாகக் கான்கிரீட் கொட்டிவிடலாமா, சிமெண்டுக் கல் பதிக்கலாமா என்று கேட்டிருந்தாய். கல்லே பதி, பெருமாள். கான்கிரீட் வெடித்தால் வெடித்ததுதான், ஒட்டுப்போட்டாலும் தழும்பு தெரியும். கல்லை மணலில் பதித்தால் எப்போது வேண்டுமானாலும் பெயர்த்து, அடியில் இருக்கிற கோளாறைச் சரிசெய்து, அதே கல்லை அதே இடத்தில் வைக்கலாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் 2019ல் ஓர் ஆளை வைத்து முதலில் போட்டோம். இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார், பார்க்க அழகாக இருந்தது, ஆடிக் கூழுக்கு வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். அப்புறம் 2022 ஏப்ரல் மழை. அந்த நாட்களை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் குவாசுலு-நடால் மாகாணத்தில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், எங்கள் தெருவுக்குக் கீழே மேட்டு மண் அப்படியே சரிந்தது. எங்களுக்குப் போனது தரை மட்டும்தான், அதற்கே மாரியம்மனுக்கு நன்றி சொல்கிறேன். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயடியில் ஒரு மூலை முழுக்க ஒரு சாண் உள்ளே போய்விட்டது. மழை விட்டபிறகு உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழேதான் ஒன்றுமே இல்லை! விரற்கடை மணல், அதற்கு அடியில் நேரே தோட்டத்து மண், புல்வேர்கூட வாரவில்லை, ஒரு மிட்டாய்த்தாள் அப்படியே மடிந்து கிடந்தது. எங்கள் பக்கத்துச் சிவப்பு மண் காய்ந்திருக்கும்போது பாறை மாதிரி நிற்கும், தண்ணீர் ஊறினால் பொலபொலவென்று உட்கார்ந்துவிடும். அதன்மேல் எந்தக் கல்லை வைத்து என்ன?

அந்த வருஷம் ஜூலையில், மழையில்லாத மாதம் பார்த்து, திரும்பப் போட்டோம். தங்கை மகனும் நானும், கூட சூலு இனத்து வயதான கொத்தனார் ஒருவர். அவரிடம் கற்றதைத்தான் உனக்குச் சொல்கிறேன். முதலில் மேல்மண்ணை முழுக்க எடுத்துவிடு, வேர், இலைச்சருகு எதுவும் இருக்கக் கூடாது. நடப்பதற்கான தரைக்கு 50 மில்லிமீட்டர் தடிப்புள்ள கல் போதும். அதற்கடியில் 25 மில்லிமீட்டர் மணல், அதற்கும் அடியில் இறுக்கிய ஜல்லியும் கிரஷர் தூசியும் கலந்த படுகை 100 மில்லிமீட்டர். கூட்டிப் பார், 175 மில்லிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தோண்ட வேண்டும். ஜல்லியை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, வாடகைக்குக் கிடைக்கிற அதிரும் இயந்திரத்தை ஓட்டு. மூலைகளுக்கு, கையால் இடித்து இறுக்குகிற திமிசுக்கட்டை. அந்தப் பெரியவர் திமிசு போடும்போது பேசவே மாட்டார், சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவார். இறுகாத இடத்தில் தொம் என்று மந்தமாகக் கேட்கும், இறுகிவிட்டால் சத்தம் மாறி டங் என்று கைக்குத் திருப்பி அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. இதில் மட்டும் யார் சொல்லையும் கேட்காதே, ரசமட்டத்தை வைத்து நீயே பார். ஐம்பதுக்கு ஒன்று போதும், உன் இடம் வீட்டுச் சுவரிலிருந்து 4 மீட்டர் என்றால் கடைசி ஓரம் 80 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். தண்ணீர் வீட்டைவிட்டு வெளியே ஓட வேண்டும், சுவரை நோக்கி அல்ல. கல்லின் மேல்மட்டம் சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலத்துக்கு 150 மில்லிமீட்டராவது கீழே இருக்கட்டும், சுவரில் காற்றுப்போகும் செங்கல் துளை இருந்தால் அதை மூடிவிடாதே. உங்கள் ஊரில் இன்னொன்று, லெனேசியா பக்கம் பல இடங்களில் நிலத்தடியில் தண்ணீரில் மெல்லக் கரைகிற டோலமைட் பாறை. தண்ணீர் ஒரே இடத்தில் இறங்கிக்கொண்டே இருந்தால் அங்கே நிலமே உள்வாங்கும். அதனால் கூரைத் தண்ணீருக்குக் குழிவெட்டி அங்கேயே ஊறவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு, தெருவோரக் கால்வாய்வரை கொண்டுபோய் விடு.

மணலில் சிமெண்டு கலக்காதே. இரண்டு குழாயைப் படுக்கவைத்து மேலே மட்டக்கோலை இழுத்தால் மணல் சீராக வரும், அப்புறம் அதில் கால் வைக்கக் கூடாது, பதித்த கல்மேல் நின்றுகொண்டே முன்னால் போக வேண்டும். மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் கற்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும், நேர்வரிசையைவிட அசைவு குறைவு, ஓரத்தில் மட்டும் கல் வெட்டும் வேலை கூடும். நிறம் ஒரே மாதிரி வர மூன்று நான்கு அடுக்குகளிலிருந்து மாற்றி மாற்றி எடு. ஓரக்கல் வரிசையை மட்டும் சிமெண்டுக் கலவையில் ஊன்றிவிட வேண்டும், அந்தப் பிடி இல்லாவிட்டால் எல்லாம் மெதுவாக விரிந்துகொண்டே போகும். உங்கள் ஊரில் இரவில் உறைகிற குளிர், ஆகவே கலவை வேலையைக் காலையிலேயே முடித்துச் சாக்குப் போட்டு மூடிவை. கடைசியாக, காய்ந்த பொடிமணலைக் கூட்டி இடுக்குகளில் நிரப்பு, இயந்திரத்தை ஒருதரம் ஓட்டு, மறுபடி நிரப்பு.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. முதல் சில மாதம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்த மாதிரி வரும், கல்லுக்குள் இருக்கிற உப்பு அது, மழையில் தானே போய்விடும். உன் வீட்டில் தங்கச்சி பயந்துபோய் ஆசிட் ஊற்றிக் கழுவிவிடப் போகிறாள், சிமெண்டுக் கல்லை அது அரித்துவிடும், சொல்லிவை. களை கீழிருந்து வருவதில்லை, காற்றில் வந்த விதை இடுக்கில் முளைப்பதுதான், வாரம் ஒருமுறை பெருக்கினாலே பாதி வராது. எறும்பு மணலைத் தோண்டி வெளியே குவிக்கும், அந்த இடத்தில் மணலைத் திரும்ப நிரப்பினால் போதும். நம்ம தென்னாப்பிரிக்காவில் வீட்டின் தெற்குப் பக்கத்துக்குத்தான் வெயில் குறைவு, அங்கே பாசி பிடித்து வழுக்கும். வள்ளி வழுக்கியது அங்கேதான், அன்றிலிருந்து நான் விடுவதில்லை, சோப்புத் தண்ணீரும் கட்டைத் துடைப்பமும் போட்டுத் தேய்க்கிறேன். அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுகிற இயந்திரம் வேண்டுமானால் சாய்த்துப் பிடி, நேராக அடித்தால் இடுக்கு மணலெல்லாம் பறந்துவிடும்.

போன வருஷம் அடியில் குழாய் ஒன்று கசிந்தது. முப்பது நாற்பது கல்லை எடுத்தோம், குழாயை மாற்றினோம், அடுக்கடுக்காகத் திமிசு போட்டுக் கல்லைத் திரும்ப வைத்தோம். மாலை தேநீருக்கு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எந்த இடம் என்று இப்போது எனக்கே தெரியாது.

நாம் வளர்ந்த டர்பன் மேகசின் பாரக்ஸ் தொழிலாளர் குடியிருப்பில் நம் அம்மாக்கள் விடியற்காலையில் மண்வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பார்களே, அந்த ஈரமண்ணில் நாம் கோலிக்குண்டு ஆடுவோம். இப்போது மாலையில் சூடான கல்மேல் தண்ணீர் தெளித்தால் கிட்டத்தட்ட அந்த வாசம் வருகிறது. நீ வந்து பார்த்துச் சொல், எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

ஐந்துக்கு நாலு மீட்டர் என்று எழுதியிருந்தாய். 200க்கு 100 மில்லிமீட்டர் அளவுக் கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும், ஆயிரம் ஆகிறது, வெட்டு சேதாரத்துக்கு இன்னும் 50 சேர்த்து வாங்கு. ஒரு கல் இரண்டு கிலோவுக்கு மேல், உன் பேக்கி என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஒரே நடையில் ஏற்றிவிடாதே. ஜூலை பள்ளி விடுமுறையில் தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறோம், ரசமட்டமும் திமிசும் நான் கொண்டுவருகிறேன். அதுவரை குழியை மட்டும் தோண்டி வை.

உன்,
கந்தசாமி